ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் அணையும் மாற்று எஞ்சின்

பெரும்பாலும் இம்மொபிலைசராகத்தான் (சரியான சாவி இல்லாமல் வண்டி ஓடாதபடி தடுக்கும் திருட்டுத் தடுப்பு அமைப்பு) இருக்கும், எரிபொருள் பம்பை மாற்றிக் காசை வீணாக்காதீர்கள். பழைய காரில் வேறு வண்டியின் எஞ்சினும் அதன் ஈசியுவும் (எஞ்சினை இயக்கும் கணினி) வைத்தபின், எஞ்சின் பிடித்து இரண்டு விநாடியில் அணைகிறது, ஸ்பார்க் நன்றாக இருக்கிறது, எரிபொருள் அழுத்தமும் சரி என்கிறீர்கள். அந்த ஈசியு தன் பழைய வண்டிச் சாவியின் சிப்பைத் தேடுகிறது. பதில் வராததால் எரிபொருள் தெளிக்கும் இன்ஜெக்டர்களை நிறுத்திவிடுகிறது.

1. ஸ்கேனரை மாட்டி, அணைந்தவுடன் ஈசியு பதிந்துவைத்த பிழைக் குறியீட்டைப் படியுங்கள். பெரும்பாலும் இம்மொபிலைசர் பிழைக் குறியீடு நிற்கும்.

2. சாவியை விட்ட அந்தக் கணமே அணைகிறதா? அப்படியானால் கதை வேறு: ஈசியுவுக்கான இக்னிஷன் சப்ளையை, ஸ்டார்ட் நிலையில் மட்டும் கரண்ட் வரும் வயரில் இருந்து எடுத்திருப்பீர்கள். நானும் ஒருமுறை இப்படிச் செய்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் தலையைச் சொறிந்தேன்.

இம்மொபிலைசர் என்றால், எஞ்சின் வந்த வண்டியின் சாவி, சாவித்துளையைச் சுற்றியுள்ள ஆன்டெனா வளையம், அதன் மாட்யூல் மூன்றையும் சேர்த்தே வாங்குங்கள். கிடைக்காவிட்டால், ஈசியு வேலை தெரிந்தவரிடம் மென்பொருளில் அதை நீக்கச் சொல்லலாம். எல்லா ஈசியுவிலும் அது நடக்காது, முதலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எரிபொருள் அழுத்தம் சரி என்றீர்களே, அதை எஞ்சின் அணையும் நொடியில் பார்த்தீர்களா, சாவி போட்டதும் பார்த்தீர்களா? பம்ப் ரிலே (பம்புக்குக் கரண்ட் விடும் சுவிட்ச்) வயரிங் தவறு என்றாலும் இதே அறிகுறிதான் வரும்.