வெதர் ரிப்போர்ட்டின் ‘ஹெவி வெதர்’: பழைய தட்டு வாங்குவோருக்கான கேள்வி-பதில்

கேள்வி: வெதர் ரிப்போர்ட் ஜாஸ் குழுவின் ‘ஹெவி வெதர்’ ஆல்பத்தின் 1977 அமெரிக்க எல்.பி. ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘முதல் பதிப்பு, கிடைப்பதே அபூர்வம்’ என்று சொல்லி, புது மறுபதிப்பைவிட மூன்று மடங்கு கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

அபூர்வம் என்ற காரணத்துக்காகக் கொடுக்காதீர்கள். கொலம்பியா நிறுவனம் 1977 மார்ச்சில் வெளியிட்ட இந்த ஆல்பம் ஜாஸ் ஃப்யூஷனில் நன்றாக விற்றவற்றுள் ஒன்று. அமெரிக்காவில் தங்கச் சான்று பெற்றது. அந்தச் சான்றுக்கு 5 லட்சம் பிரதிகள் போயிருக்க வேண்டும். எனவே பழைய பிரதிகளுக்குப் பஞ்சமில்லை. பஞ்சமெல்லாம் நல்ல நிலையில் இருக்கும் பிரதிக்குத்தான். கூடுதல் பணம் தருவதானால் அதற்குத் தாருங்கள்.

முதல் பதிப்பா என்று பார்க்க, அட்டையின் முதுகிலும் லேபிளிலும் ‘பி.சி. 34418’ என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஐரோப்பிய சி.பி.எஸ். பதிப்பு என்றால் 81775. முன்னால் உள்ள எழுத்துகள் விலைப் பிரிவைக் குறிப்பவை, ‘ஜே.சி. 34418’ என்றிருந்தால் அது பிந்தியது. ‘பி.சி.’ இருப்பது மட்டும் போதாது. அட்டையில் பார்கோடு இருந்தால் அது 1977 அட்டை அல்ல. சிவப்பு லேபிளில் பொன்னிற எழுத்து என்பதை ஆதாரமாகக் காட்டுவார்கள். கொலம்பியா அந்த லேபிளை எண்பதுகளிலும் பயன்படுத்தியது.

லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் 34418 என்ற எண்ணுக்குப் பின் 1ஏ, 1பி, 2சி என்று ஏதாவது பொறித்திருக்கும். ‘1ஏ’ என்பதற்காகத் தனி விலை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். பிட்மன், டெர்ரே ஹோட், சாண்டா மரியா என்று பல ஆலைகளுக்கு அனுப்ப ஒரே காலத்தில் பல மூலத்தட்டுகள் வெட்டப்பட்டன. ஒரு பக்கம் 1ஏ, மறு பக்கம் வேறொன்று என்று வருவது சகஜம்.

கேள்வி: என் தட்டில் இரண்டாம் பக்கம் தொடங்கியதும் கூட்டத்தின் சத்தம் கேட்கிறது. முதல் பக்கத் தொடக்கத்தில் கிதார் ஒலிக்கிறது, ஆனால் அட்டையில் கிதார் கலைஞர் பெயரே இல்லை. வேறு பதிவைக் கலந்துவிட்டார்களா?

இல்லை, இரண்டுமே அசல். இரண்டாம் பக்கம் தொடங்கும் ‘ரும்பா மாமா’ மட்டும் 1976 கோடையில் சுவிட்சர்லாந்தின் மாந்த்ரோ ஜாஸ் விழா மேடையில் பதிவானது: குழுவின் தாளக் கலைஞர்கள் மனோலோ பத்ரேனா, அலெக்ஸ் அக்கூன்யா இருவரின் தாளமும் குரலும், 2 நிமிடம் 11 விநாடி. மற்றவை கலிஃபோர்னியாவில் நார்த் ஹாலிவுட்டின் டெவன்ஷயர் ஸ்டூடியோவில் பதிவானவை.

நீங்கள் கிதார் என்று நினைப்பது குழுவின் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசிக்கும் பேஸ் (தாழ்ந்த ஒலி தரும் கிதார் வகை). முதல் பக்கத்தின் முதல் உருப்படியான ‘பேர்ட்லாண்ட்’ தொடக்கத்தில் அவர் தந்தியை லேசாகத் தொட்டு மீட்டி, மேல்ஸ்தாயி ஒலிகளை எடுக்கிறார். அடியில் ஓடும் கனத்த பேஸ் வரி குழுவின் கீபோர்டு கலைஞர் ஜோ ஸாவினுலின் சிந்தசைசர். இதை வைத்துத் தட்டைத் திருப்பி அனுப்பினால் கடைக்காரர் வாங்க மாட்டார், வாங்கவும் வேண்டியதில்லை.

கேள்வி: ‘எ ரிமார்க் யூ மேட்’ கேட்கும்போது சுருதி அலைகிறது. தட்டில் குறையா, வாசிப்பே அப்படியா?

நியாயமான சந்தேகம். ஃப்ரெட் (கழுத்தில் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) இல்லாத பேஸில் ஜாக்கோ விரலை உருட்டி எழுப்பும் அசைவு இயல்பானது. அது விநாடிக்குப் பல முறை வரும். ஒரே சீராகவும் இராது. தட்டின் துளை மையம் விலகியிருந்தால் வரும் அலைவு வேறு மாதிரி: ஒரு சுற்றுக்கு ஒரு முறை, அதாவது சரியாக 1.8 விநாடிக்கு ஒரு முறை. வெய்ன் ஷார்ட்டரின் டெனர் சாக்ஸ் நீண்டு நிற்கும் இடத்தில் கடிகாரத்தைப் பிடித்து எண்ணுங்கள். 10 அலைவுக்கு 18 விநாடி ஆகிறதென்றால் குறை தட்டில்.

கண்ணாலும் பார்க்கலாம். ஊசிக்கை ஒவ்வொரு சுற்றிலும் உள்ளும் வெளியுமாக மொத்தம் 1 மி.மீ. அசைந்தால் துளை அரை மி.மீ. விலகியிருக்கிறது. வெளி ஓரத்தில் அதனால் சுருதி சுமார் 0.3 சதவீதம் ஏறி இறங்கும். லேபிள் அருகே 0.8 சதவீதம். அதனால்தான் தொடக்கத்தில் நன்றாக இருந்தது உள்ளே போகப்போக மோசமாகிறது. துளை சற்றுத் தளர்வாக இருந்தால், தட்டை அச்சின் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்துப் பார்க்கலாம். இல்லையென்றால் மாற்றித் தரச் சொல்லுங்கள். புதுத் தட்டிலும் இது வரும் என்பதால் வாங்கிய வாரத்திலேயே சோதித்துவிடுங்கள்.

கேள்வி: ‘ஹவோனா’ கரகரக்கிறது. மற்றவை சுத்தம்.

அது இரண்டாம் பக்கத்தின் கடைசி உருப்படி, 6 நிமிடம். அடர்த்தியான ஒலிக்கோலங்களும் விரைவான பேஸும் நிறைந்தது, அதுவும் பள்ளத்தில் ஒலி அலைகள் நெருக்கமாகிவிடும் உள் வளையத்தில். பக்கம் 18 நிமிடம்தான் என்பதால் வெட்டியவரைக் குறை சொல்ல இடமில்லை. முதலில் உங்கள் கருவியைச் சந்தேகியுங்கள்: ஊசி தட்டை அழுத்தும் எடையைச் சிறு தராசில் பாருங்கள் (கார்ட்ரிட்ஜ், அதாவது ஊசியைத் தாங்கும் பகுதி, ஆடியோ டெக்னிகா வி.எம்.95.இ என்றால் 2.0 கிராம்), பிறகு கார்ட்ரிட்ஜின் கோணம். உருண்டை முனை ஊசியைவிட நீள்வட்ட முனை இங்கே தெளிவாகத் தரும். வேறு சுத்தமான தட்டுகளின் கடைசி உருப்படிகள் சரியாக ஒலித்து இது மட்டும் கரகரத்தால், முன்பு வைத்திருந்தவர் தேய்ந்த ஊசியால் ஓட்டியிருக்கிறார். அது கழுவினாலும் போகாது.

கேள்வி: ‘வி.ஜி. பிளஸ்’ (‘மிக நல்லது’ என்பதற்கும் ஒரு படி மேலான தரக்குறி) என்று சொன்ன தட்டு பொரிகிறது. என்ன செய்ய?

வந்த நாளே உறை, இரு பக்கம், வெற்று வளையம் எல்லாவற்றையும் சாய்ந்த விளக்கு ஒளியில் படம் எடுங்கள். பிறகு ஒரு முறை கழுவுங்கள்: வடிநீர், அதில் ஓரிரு துளி மென்சோப்பு, மைக்ரோஃபைபர் துணி. பள்ளத்தின் போக்கிலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. வடிநீரில் மறுபடி அலசி முழுதும் காயவிட்டு ஓட்டுங்கள். தூசியால் வந்த பொரிச்சல் பெரும்பாலும் போய்விடும். ‘எ ரிமார்க் யூ மேட்’ தொடக்கத்தின் அமைதியில் அதன் பிறகும் ‘டக், டக்’ என்று 1.8 விநாடி இடைவெளியில் வந்தால் அது கீறல். ஒலியோடு ஒரு நிமிட வீடியோ எடுத்து விற்றவருக்கு அனுப்புங்கள். ‘சத்தம் இருக்கிறது’ என்று எழுதினால் வாதம்தான் மிஞ்சும். அடுத்த முறை ஆர்டர் கொடுக்கும்போது, தட்டை அட்டைக்கு வெளியே வைத்துப் பொதியச் சொல்லுங்கள். உள்ளே இருந்தால் வழிக்குலுக்கலில் அட்டையின் ஒட்டிய ஓரம் பிளந்துவிடும்.

கேள்வி: சி.டி. போதுமா?

இசைதான் வேண்டும் என்றால் தாராளமாக. 1997 மறுசெப்பனிட்ட பதிப்பு மலிவாகக் கிடைக்கும்; அதே 8 உருப்படிகள், ஏறத்தாழ 37 நிமிடம். இந்தக் குழுவை மேலும் கேட்க ஆசையிருந்தால் 1976 முதல் 1982 வரையிலான ஆல்பங்களைச் சேர்த்த 6 சி.டி. பெட்டியைத் தேடுங்கள், தனித்தனியாக வாங்குவதைவிடச் செலவு குறையும்.

கேள்வி: வரிகளோடு பாடும் ‘பேர்ட்லாண்ட்’ இதில் உண்டா?

இல்லை. அது ஜான் ஹெண்ட்ரிக்ஸ் வரிகள் எழுதி, மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர் குழு 1979இல் பாடியது. அவர்களுடைய ‘எக்ஸ்டென்ஷன்ஸ்’ ஆல்பத்தில் இருக்கிறது.