நுகர்வோர் கேள்வி-பதில்: எந்த மானிட்டர் வாங்கலாம்?

பகலில் டேலி, எக்செல், இரவில் வாலரன்ட் விளையாட்டு. கிராபிக்ஸ் கார்டு ஆர்டிஎக்ஸ் 3050. இரண்டு 27 அங்குல மானிட்டர்களுக்கு நடுவே திண்டாடுகிறேன். ஒன்று 1080பி, 180 ஹெர்ட்ஸ், வளைந்த விஏ திரை. மற்றது 1440பி, 165 ஹெர்ட்ஸ், ஐபிஎஸ். நாலாயிரம் ரூபாய் கூடுதல். எதை வாங்க? (மதுரை வாசகர்)

இரண்டாவதை. 180, 165 என்ற ஹெர்ட்ஸ் எண்களை (திரை நொடிக்கு எத்தனை படம் காட்டும் என்ற கணக்கு) மறந்துவிடுங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் அதனால் மிச்சமாவது அரை மில்லி நொடி. அது உங்கள் கண்ணில் படாது, எழுத்து படும். 27 அங்குலத்தில் 1080பி (உயரவாக்கில் 1080 பிக்சல், அதாவது திரைப்புள்ளி) என்றால் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 82 பிக்சல், 1440பியில் 109. கடைக்குப் போகும்போது எக்செல்லில் உங்கள் வாடிக்கையாளர் பெயர்களைச் சிறிய தமிழ் எழுத்தில் அடித்துப் பாருங்கள். முதல் திரையில் மெய்யெழுத்தின் புள்ளி தலையோடு ஒட்டிக்கொள்ளும். ‘ண’வா ‘ன’வா என்று சுழியை எண்ண வேண்டியிருக்கும். நாள் முழுக்க கணக்குப் பார்க்கிறவருக்கு அந்த நாலாயிரம் தண்டமில்லை.

விஏ, ஐபிஎஸ் இரண்டும் திரைப் பலகத்தின் வகைகள். விஏ பக்கமும் நியாயம் உண்டு. ஐபிஎஸ்ஸின் ஒளி மாறுபாட்டு விகிதம் (கறுப்பைவிட வெள்ளை எத்தனை மடங்கு பிரகாசம்) வழக்கமாக 1000:1 அளவில் இருக்கும்; விஏவில் 3000:1. விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர் கேட்டிருந்தால் விஏவைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் மலிவான விஏ திரைகளில் இருண்ட நிறங்கள் மாறுவதற்குச் சோம்பல்படும். நிழலில் ஓடும் எதிரியின் பின்னால் கறுப்புக் கறை இழுபடும்.

கார்டு தாங்குமா என்று அடுத்த கடிதம் வருமுன் சொல்லிவிடுகிறேன். 1440பியில் வரைய வேண்டிய பிக்சல்கள் 1.78 மடங்கு. வாலரன்ட் இலகுவான விளையாட்டு, 3050 சமாளிக்கும். கனமான விளையாட்டுகளில், குறைந்த பிக்சலில் வரைந்து பெரிதாக்கிக் காட்டும் டிஎல்எஸ்எஸ் வசதியை இயக்கிக்கொள்ளுங்கள்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி ஆறு மாதம் ஆகிறது. பழைய 60 ஹெர்ட்ஸ் திரைக்கும் இதற்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (கோவை வாசகர்)

யாரும் ஏமாற்றவில்லை. விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்பிளே பக்கத்துக்குப் போய், 60 என்றிருப்பதை 144 ஆக்குங்கள். 144 அங்கே தென்படவில்லை என்றால் பழைய மானிட்டரின் எச்டிஎம்ஐ கேபிளையே மாட்டியிருக்கக்கூடும். டிஸ்பிளேபோர்ட் கேபிளை மாட்டுங்கள். ஆறு மாதமா!

நான் பார்த்த மாடலின் பெட்டியில் ‘1 எம்எஸ்’ (மில்லி நொடி) என்று இருக்கிறது. நண்பர் ‘0.5 எம்எஸ்’ உள்ளதுதான் விளையாட்டுக்குச் சரி என்கிறார். (திருச்சி வாசகர்)

இந்த எண்ணைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் பொடி எழுத்தில் ‘ஜிடிஜி’ என்று இருந்தால், ஒரு சாம்பல் நிறம் இன்னொரு சாம்பலாக மாறும் நேரம் அது. எந்தச் சாம்பல் எந்தச் சாம்பலாக? பெட்டி வாய் திறக்காது. நிறமாற்றத்தை விரட்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்தில் வைத்து, வேகமாக மாறுகிற ஒரு ஜோடியைப் பார்த்து அளந்தாலும் எண் எண்தான். மலையிறக்கத்தில் வண்டியை நியூட்ரலில் விட்டு அளந்த மைலேஜ் மாதிரி. அதே உச்சத்தில் நீங்கள் விளையாடினால் ஓடும் உருவத்தைச் சுற்றி வெளிர் நிழல் கிளம்பும். ‘எம்பிஆர்டி’ என்று இருந்தால் அது வேறு வித்தை: பின்விளக்கை அணைத்து அணைத்து எரியவிட்டு எடுத்தது. அதை இயக்கினால் திரை மங்கும்; பல மாடல்களில், திரையின் வேகத்தைக் கார்டின் வேகத்தோடு இணைக்கும் ஃப்ரீசிங்க்கும் அப்போது வேலை செய்யாது. 144 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு படமும் ஏறத்தாழ 7 மில்லி நொடி நிற்கிறது. இதில் ஒன்றா அரையா என்று நண்பரோடு சண்டை எதற்கு?

வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வீச்சில் காட்டும் என்று சொல்லும் எச்டிஆர் 400 முத்திரையும் இதே குடும்பம்தான். அதை நம்பி நான் வாங்கிய திரை வீட்டில் இருக்கிறது. பகுதி பகுதியாக ஒளியைக் குறைக்க அதற்குத் தெரியாது. வானத்தில் நிலா வந்தால் காடு முழுவதும் சாம்பலாக வெளுக்கிறது. எச்டிஆரை அணைத்தே வைத்திருக்கிறேன்.

43 அங்குல 4கே டிவியையே மானிட்டராக வைத்துக்கொள்ளலாமா? (சேலம் வாசகர்)

இரண்டடி தூரத்தில் 43 அங்குலமா? கழுத்துக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள்.

புதியது என்று விற்ற மானிட்டரின் தொடர் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால், வாரண்டி பதினான்கு மாதம் முன்பே தொடங்கியிருக்கிறது. கடைக்காரர் “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறதே” என்று கையை விரிக்கிறார். சேர்த்து வைத்த பணம் ஐயா. (தஞ்சாவூர் வாசகர்)

தொடர் எண்ணைத் தட்டிப் பார்த்தீர்களே, பாதி வழக்கு அங்கேயே உங்கள் பக்கம். பழைய பொருளைப் புதியதென்று விற்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் அச்சடித்த வரி அதை மூடாது. தளத்தில் தெரியும் வாரண்டித் தேதியையும், பெட்டியிலும் மானிட்டரின் முதுகிலும் உள்ள எண்களையும் இன்றே படமெடுத்து வையுங்கள். அந்த எண் எப்போது, எப்படிப் பதிவானது என்று நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேளுங்கள். கடைக்குக் கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்; வாய்ப்பேச்சு வேண்டாம். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் அசையாவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது என்று தள்ளிப்போடாதீர்கள். கடைக்காரர் என்ன பதில் சொன்னார் என்று எனக்கும் எழுதுங்கள்.

பில் வேண்டாம் என்றால் 1,500 ரூபாய் குறைப்பதாகக் கடைக்காரர் சொல்கிறார். வாங்கலாமா? (வேலூர் வாசகர்)

மேலே உள்ள தஞ்சாவூர்க் கடிதத்தை, பில் இல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள்.