அரைக்குலத்தில் வென்டல் தேற்றம் எங்கே உடைகிறது?

கேள்வி: இடவியல் அரைக்குலங்கள் (தொடர்ச்சியான, சேர்ப்புவிதிக்கு உட்பட்ட பெருக்கல் மட்டும் போதும், நேர்மாறு தேவையில்லை) தரும் பனாக் இயற்கணிதங்களில் (பெருக்கலும் நீளமும் உள்ள முழுமையான வெளிகளில்) பெருக்கிகளை ஆராய்கிறேன். குலத்துக்கான வென்டல் தேற்றத்தின் நிரூபணத்தை அப்படியே அரைக்குலத்துக்கும் எழுதலாமா?

பதில்: அப்படியே எழுத முடியாது. ஆனால் எந்த வரியில் உடைகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இயற்கணிதத்தின் எல்லா க, ச உறுப்புகளுக்கும் டி(க∗ச) = க∗டி(ச) = டி(க)∗ச என்று நடக்கும் கோப்புதான் (mapping) பெருக்கி. எல்1(ஜி)-இல், அதாவது ஜி என்ற குலத்தின்மேல் தொகையிடத்தக்க சார்புகளின் இயற்கணிதத்தில், இப்படிப்பட்ட ஒவ்வொன்றும் ஜி-மேல் உள்ள ஒரு வரம்புள்ள அளவையோடு செய்யும் கன்வல்யூஷன்தான் (குலத்தின் செயலைக் கொண்டு சார்புகளையும் அளவைகளையும் பெருக்கும் முறை, குறி ∗) என்று வென்டல் 1952-இல் காட்டினார்.

முதலில் உங்கள் இயற்கணிதத்தில், எல்லாவற்றோடும் பெருக்கினால் பூஜ்யமாகும் பூஜ்யமற்ற உறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டி நேரியல். மூடிய வரைபடத் தேற்றத்தால் தொடர்ச்சியானதும்கூட. இருந்தால் இந்த உறுதி போய்விடும். எந்த இரண்டைப் பெருக்கினாலும் பூஜ்யம் தரும் முடிவிலி அரைக்குலத்தின் எல்1-இல் தொடர்ச்சியற்ற பெருக்கிகளும் உண்டு.

அடுத்தது நிரூபணம். [0, ∞)-ஐக் கூட்டலோடு எடுங்கள். [0, 1/n]-இல் n மதிப்பும் மற்ற இடத்தில் பூஜ்யமும் கொண்ட சார்புகள் வரம்புள்ள தோராயச் சமனி ஆகின்றன; அதாவது எந்த உறுப்பை அவற்றால் பெருக்கினாலும் எல்லையில் அதே உறுப்பு கிடைக்கும். அவற்றின் டி-பிம்பங்கள் வரம்புக்குள் இருப்பதால், வீக்-ஸ்டார் முறையில் (முடிவிலியில் பூஜ்யமாகும் தொடர்ச்சியான சார்புகளோடு தொகையிட்டுப் பார்க்கும் எல்லையில்) ஓர் அளவை மியூ கிடைக்கும். டி என்பது மியூவோடு கன்வல்யூஷன். எல்லாம் சுமுகம்.

இப்போது இயல் எண்கள் 1, 2, 3, …-ஐச் 'இரண்டில் சிறியதை எடு' என்ற செயலோடு பாருங்கள். n-இல் மட்டும் 1 மதிப்பு கொண்ட புள்ளி நிறைகள் டெல்டா(n) இங்கேயும் வரம்புள்ள தோராயச் சமனிதான். டி-யைச் சமனிக் கோப்பாக (எதையும் மாற்றாததாக) எடுத்தால் டி(டெல்டா(n)) = டெல்டா(n); அதன் வீக்-ஸ்டார் எல்லையோ பூஜ்யம்! நிறை முழுவதும் முடிவிலிக்கு ஓடிவிட்டது. டெல்டா(5)-ஆல் பெருக்கினால் 5-இலிருந்து மேலே உள்ள அத்தனை எண்களும் 5-க்கே வந்து விழுகின்றன. அதாவது, ஒரு புள்ளியின் முன்பிம்பம் முடிவிலிக் கணம். கச்சிதக் கணம் அல்ல (இங்கே கச்சிதம் என்றால் முடிவுள்ளது). அதனால் கன்வல்யூஷன் வீக்-ஸ்டார் தொடர்ச்சியை இழக்கிறது. நிரூபணம் உடையும் வரி இதுதான். 

இதற்குத் தீர்வும் உண்டு. f என்ற உறுப்புக்கு, k-இலிருந்து தொடங்கும் வால்-கூட்டுத்தொகைகளை எழுதுங்கள். இயற்கணிதம், பூஜ்யத்தை நோக்கிச் செல்லும் வரம்புள்ள மாறுபாட்டுத் தொடர்களாக (அடுத்தடுத்த உறுப்புகளின் வேறுபாடுகளின் அளவுகளைக் கூட்டினால் முடிவுள்ள தொகை தருபவை) மாறும். பெருக்கல் உறுப்புக்கு உறுப்பு. பெருக்கிகளோ வரம்புள்ள மாறுபாட்டுத் தொடர்கள் அனைத்தும். அரைக்குலத்தோடு ∞ என்ற ஒரு புள்ளியைச் சேர்த்துவிட்டால் அளவை திரும்பக் கிடைக்கிறது.

1, 2, 3, … கூட்டலோடு என்றால் வேறு கதை. தோராயச் சமனியே இல்லை. ஆனால் டி(டெல்டா(1)) தெரிந்தால் டி முழுவதும் தெரியும்; பெருக்கிகள் 0-வையும் சேர்த்த எல்1 ஆகின்றன. இங்கும் அளவை வெளியேதான் குடியிருக்கிறது.

பொதுவான அரைக்குலத்தில் ஹார் அளவை (இடப்பெயர்ச்சியில் மாறாத அளவை) கிடைக்காது. அதற்குப் பதிலாக ஏ.சி. பேக்கரும் ஜே.டபிள்யூ. பேக்கரும் வரையறுத்த, இடப்பெயர்ச்சி தொடர்ச்சியாக அமையும் அளவைகளின் இயற்கணிதத்தை எடுங்கள். தேற்றம் எழுதுமுன், உங்கள் அரைக்குலத்தில் ஒரு கச்சிதக் கணத்தை எடுத்து, இடப்பெயர்ச்சியின் கீழ் அதன் முன்பிம்பத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். அது கச்சிதமாக இல்லையென்றால், எந்தப் புள்ளிகளைச் சேர்க்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஆய்வுக் கேள்வி.