ஆபீஸ் கேள்வி-பதில்: பூஜ்யம் தின்னும் எக்ஸெல்

எண்பது பேருக்குச் சம்பளம் போட, அக்கவுண்ட் நம்பர் பட்டியலை சிஎஸ்வி (கமாவால் பிரித்த வெறும் எழுத்து) ஃபைலாக பேங்க் போர்ட்டலில் ஏற்றுகிறேன். மாதாமாதம் நாலைந்து பேருக்குத் திரும்பி வருகிறது. நம்பரைச் சரியாகத்தான் அடிக்கிறேன். என்ன தப்பு?
— வாசகி, திருப்பூர்

நீங்கள் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள், எக்ஸெல் மாற்றியிருக்கும். வெறும் இலக்கங்களைக் கண்டால், கூட்டிக் கழிக்க வேண்டிய எண் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். கணக்கில் 00412-ம் 412-ம் ஒன்றுதானே? அதனால் முன்னால் நிற்கும் பூஜ்யங்களைத் தூக்கிவிடும். 12 இலக்கம் ஆகிவிட்டால் 'ஈ+11' (E+11) என்று சுருக்கிக் காட்டும். 15 இலக்கத்துக்கு மேல் அதற்குப் பிடிமானம் இல்லை. 16 இலக்க நம்பரில் கடைசி இலக்கம் 7 ஆனாலும் 9 ஆனாலும் 0 ஆகிவிடும். 'ஈ+11' தெரியும்போதே சிஎஸ்வியாகச் சேமித்தால் இன்னும் மோசம். திரையில் தெரிவதுதான் ஃபைலில் எழுதப்படும், மிச்ச இலக்கங்கள் போனது போனதுதான்.

அடிப்பதற்கு *முன்பே* அந்த நெடுவரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல்+1 அழுத்தி, 'நம்பர்' பக்கத்தில் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் தொலைந்த பூஜ்யம் திரும்பாது. ஒன்றிரண்டு கட்டங்கள்தான் என்றால், நம்பருக்கு முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டாலே போதும்.

வந்த சிஎஸ்வியை டபுள் கிளிக் செய்து திறக்கும் பழக்கத்தை விடுங்கள். காலி ஷீட் ஒன்றைத் திறந்து, 'டேட்டா' மெனுவில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' வழியாக ஃபைலைக் காட்டுங்கள். முன்னோட்டப் பெட்டியின் மேலே 'டேட்டா டைப் டிடெக்‌ஷன்' இருக்கும். அதில் 'டூ நாட் டிடெக்ட்' தேர்ந்தெடுத்து 'லோட்' கொடுங்கள். எல்லாம் எழுத்தாகவே வரும். புதிய மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் 'ஃபைல் – ஆப்ஷன்ஸ் – டேட்டா'வில் தானாக மாற்றும் வேலையையே நிறுத்தி வைக்கலாம்.

போர்ட்டலில் ஏற்றும் முன் நோட்பேடில் திறந்து ஒருமுறை பாருங்கள். எக்ஸெலில் திறந்து சரிபார்த்தால் அது மறுபடி மென்றுவிடும். அப்படியே ஐஎஃப்எஸ்சி கோடையும் கவனியுங்கள். மொத்தம் 11 எழுத்து, அதில் ஐந்தாவது எப்போதும் பூஜ்யம். அங்கே ஆங்கில 'ஓ' அடித்துவிட்டுத் தேடுகிறவர்கள் நிறைய.

விஞ்ஞானிகளும் இதில் தப்பவில்லை. 'மார்ச்1', 'செப்ட்1' என்ற மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதியாக்கிக்கொண்டே இருந்ததால், 2020-ல் பெயரிடும் குழு மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது!

அமெரிக்க கிளையன்ட் அனுப்பும் ஷீட்டில் பாதித் தேதிகள் கட்டத்தின் இடப்பக்கமும் பாதி வலப்பக்கமும் நிற்கின்றன. இடப்பக்கம் நிற்பதை மட்டும் திருத்தினால் போதுமா?
— வாசகர், சென்னை

போதாது. இடப்பக்கம் நிற்பவை எக்ஸெலுக்குப் புரியாத தேதிகள். அவர்கள் மாதத்தை முதலில் எழுதுகிறார்கள். உங்கள் கணினி நாளை முதலில் படிக்கிறது. 04/25/2025 என்றால் 25-வது மாதம் கிடையாதே, எனவே எழுத்தாக விட்டுவிடுகிறது. வலப்பக்கம் ஒழுங்காக நிற்கும் 04/05/2025-ஐத்தான் நம்பக்கூடாது. அவர்கள் எழுதியது ஏப்ரல் 5, உங்களிடம் மே 4 ஆகிவிட்டது. இன்வாய்ஸ் கெடு ஒரு மாதம் தள்ளிப்போகும், யாருக்கும் தெரியாது.

மாறிப்போன ஷீட்டில் ஒட்டுப்போடாதீர்கள். மூல சிஎஸ்வியை மேலே சொன்ன வழியில் எழுத்தாக இறக்குங்கள். தேதி வரிசையைத் தேர்ந்தெடுத்து 'டேட்டா – டெக்ஸ்ட் டு காலம்ஸ்' போங்கள். மூன்றாம் படியில் 'டேட்' என்பதன் எதிரே 'எம்டிஒய்' (மாதம், நாள், ஆண்டு) தேர்ந்தெடுத்து முடியுங்கள். அது *வந்த* தேதியின் அமைப்பு. பலர் நமக்கு வேண்டிய 'டிஎம்ஒய்'யை (நாள், மாதம், ஆண்டு) கொடுத்துவிட்டு விழிப்பார்கள்.

கிளையன்ட்டுக்கு மெயில் போடும்போது தன்னை பிசிசி-யில் (மற்றவர்களுக்குத் தெரியாமல் நகல் போகும் இடம்) வைக்கச் சொல்கிறார் மேனேஜர். பரவாயில்லையா?
— வாசகி, மதுரை

அவர் 'ரிப்ளை ஆல்' அழுத்தாத வரை பரவாயில்லை. அழுத்தினால் பதில் கிளையன்ட்டுக்கும் போகும், ஒளிந்து பார்த்தது அம்பலமாகும். மெயிலை அனுப்பிவிட்டு, 'சென்ட்' ஃபோல்டரிலிருந்து அவருக்குத் தனியாக ஃபார்வர்டு செய்யுங்கள். "சார், உங்க பார்வைக்கு" என்று ஒரு வரி போதும்.

தவறாகப் போன மெயிலை அவுட்லுக்கின் 'ரீகால்' இழுத்துவிடும் என்று நம்ப வேண்டாம். அது ஒரே நிறுவனத்துக்குள்தான் நடக்கும், கிளையன்ட்டின் ஜிமெயிலில் செல்லாது. நீங்கள் ஜிமெயில் பயன்படுத்தினால், செட்டிங்ஸில் 'அன்டூ சென்ட்' நேரத்தை 5 நொடியிலிருந்து 30 ஆக்குங்கள்.

'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஃபைனல் புதுசு' என்று ஒரே கொட்டேஷனுக்கு ஏழு ஃபைல். எது கடைசி என்றே தெரியவில்லை.
— வாசகர், கோவை

'ஃபைனல்' என்ற சொல்லையே தடை செய்யுங்கள். ஃபைல் பெயரின் தொடக்கத்தில் 2025-06-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் தேதி போடுங்கள். பெயர்வாரியாக அடுக்கினாலே கால வரிசையில் நிற்கும். இடையில் சிறு கோடுதான். சாய்கோடு போட விண்டோஸ் விடாது.