கட்டபொம்மன் கத்தினாரா?

கேள்வி: 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். சிவாஜி படம் முழுக்கக் கத்துகிறார். கட்டபொம்மன் என்ற பெரிய பெயரும் சக்தி கிருஷ்ணசாமியின் வசனமும் கையில் இருந்தால் யார் நடித்தாலும் கைதட்டல் விழாதா? அந்த வேடத்தைப் பற்றிச் சிவாஜி கடைசி வரை பெருமையாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நடிகருக்கு அவ்வளவு பெருமை தேவையா?

பதில்: விழாது. 1960ல் கெய்ரோவில் நடந்த ஆப்பிரிக்க ஆசியத் திரைப்பட விழாவில் இந்தப் படத்துக்காகச் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். எகிப்தில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களுக்குக் கட்டபொம்மன் யாரென்று தெரியாது. பாஞ்சாலங்குறிச்சி எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாது. நாம் மனப்பாடமாகச் சொல்கிற அந்த வசனம் அவர்கள் காதில் வெறும் ஓசையாகத்தான் விழுந்திருக்கும். நீங்கள் சொல்லும் இரண்டு பலமும் இல்லாத இடத்தில் அந்த விருது கிடைத்தது. அவர்கள் எதைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று கொஞ்சம் யோசியுங்கள்.

கத்தல் விஷயத்துக்கு வருகிறேன். ஜாக்சன் துரை காட்சியை மட்டும் இன்னொரு முறை போட்டுப் பாருங்கள். நீர்தானே இன்னார் என்று இருவரும் ஒருவரை ஒருவர் விசாரித்துக்கொள்ளும் இடத்தில் சிவாஜியின் குரல் எவ்வளவு அடக்கமாக இருக்கிறது! வீட்டுக்கு வந்த விருந்தாளி பேசுவதுபோல மரியாதையாகத்தான் ஆரம்பிக்கிறார். மரியாதைக்குள்ளேயே ஒரு குத்தல் இருக்கும், ஆனால் சத்தம் இருக்காது. துரை குற்றச்சாட்டுகளை அடுக்க அடுக்க, பதில்கள் ஒவ்வொரு படியாக ஏறுகின்றன. கிஸ்தி என்ற பேச்சு வந்த பிறகுதான் குரல் உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. அப்போதும் மூச்சு எங்கே நிற்க வேண்டும், எந்தச் சொல்லை இழுக்க வேண்டும், எதை வெட்டிவிட வேண்டும் என்பதில் ஒரு பிசகும் இல்லை. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டிகளில் பிள்ளைகள் அதே மீசையும் அதே வசனமுமாக வந்து நிற்கிறார்களே, அவர்கள் முதல் வார்த்தையிலேயே உச்சக் குரலுக்குப் போய்விடுவார்கள், பாவம். நாலாவது வரியில் தொண்டை நின்றுவிடும். உங்கள் காதில் விழுந்தது அந்தப் பிள்ளைகளின் கட்டபொம்மனாக இருக்கலாம், சிவாஜியின் கட்டபொம்மன் அல்ல.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது? சின்ன வயதில், சிறுவர்களை வைத்து நாடகம் போடும் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து, சீதை வேடத்தில் ஆரம்பித்து, பரதன், சூர்ப்பனகை, இந்திரஜித் என்று மாறி மாறி ஆடியவர் அவர். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் கேட்க வேண்டும், முகம் புரிய வேண்டும் என்பது அந்த மேடையின் சட்டம். கட்டபொம்மனையும் முதலில் மேடையில்தான் ஆடினார். 1957ல் சேலத்தில் அரங்கேறி, நூறு தடவைக்கு மேல் நடந்த நாடகம் அது. ராத்திரிக்கு ராத்திரி ஜனங்களுக்கு முன்னால் நின்று, எந்த இடத்தில் கூட்டம் மூச்சை அடக்குகிறது, எந்த இடத்தில் எழுந்து நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துச் செதுக்கிய வேடம்தான் 1959ல் திரைக்கு வந்தது. படப்பிடிப்பு அன்று காலையில் வசனத் தாளை வாங்கிப் பார்த்துப் பேசிய வேடம் இல்லை.

இன்னும் ஒன்று. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது 1799ல். அவர் எப்படி நடந்தார், எப்படிப் பேசினார் என்று சொல்ல ஒருவரும் உயிரோடு இல்லை. தெற்கே பாடப்பட்ட கதைப்பாடல்களும் கும்மிகளும் கூத்துகளும்தான் பெரும்பாலும் மிச்சம். சிறுவனாக இருந்தபோது கட்டபொம்மன் கூத்தைப் பார்த்துத்தான் நடிகனாக வேண்டும் என்ற ஆசை வந்தது என்று சிவாஜியே சொல்லியிருக்கிறார். கூத்தில் பிறந்த வீரனுக்குக் கூத்தின் அளவில்தான் உடம்பும் குரலும் கொடுக்க முடியும். பக்கத்து வீட்டுக்காரர் போல முணுமுணுத்திருந்தால் உங்களுக்குப் பிடித்திருக்குமா? எனக்குப் பிடித்திருக்காது.

அவருக்கு அது மட்டும்தான் தெரியும் என்று நினைத்தால், இரண்டே வருடம் தள்ளி, கட்டபொம்மனை இயக்கிய அதே பி.ஆர். பந்துலு இயக்கிய 'கப்பலோட்டிய தமிழன்' பாருங்கள். 1961ல் வந்த படம். வ.உ.சி. இறந்தது 1936ல். அவரைக் கண்ணால் பார்த்தவர்கள், அவர் வாதாடிய வழக்குகளைக் கேட்டவர்கள், அவருடைய பிள்ளைகள் எல்லாரும் இருந்த காலம். கட்டபொம்மனுக்குக் கொடுத்த குரலில் ஒரு வரி பேசியிருந்தாலும் தூத்துக்குடிக்காரர்கள் ஒப்புக்கொண்டிருக்க மாட்டார்கள். படத்தில் அந்தக் குரல் எங்கேயும் கிடையாது. செக்கிழுத்துத் தளர்ந்த மனிதர் சிறையிலிருந்து வெளியே வருகிறார். கப்பல் விட்டபோது கூடிய கூட்டம் எங்கே போனது என்று தெரியவில்லை. தொழுநோயால் உருமாறிப்போன போராட்டத் தோழர் சுப்பிரமணிய சிவா மட்டும் வந்து நிற்கிறார். அந்த இடத்தில் சிவாஜி தோளை இறக்குவதைப் பாருங்கள். பார்வை ஆளைத் தேடி, அடையாளம் தெரியாமல் தடுமாறி, பிறகு தெரிந்துகொள்வதைப் பாருங்கள். எனக்கு அவருடைய மொத்த நடிப்பிலும் மிக உயர்ந்த இடம் அதுதான். படம் ஓடவில்லை. ஆனால் வ.உ.சி.யின் மகன் படத்தைப் பார்த்துவிட்டுத் தன் தந்தையையே நேரில் கண்டதாகச் சொன்னாரே, அதைத்தான் பெரிய விருதாகச் சிவாஜி எண்ணினார்.

சிவாவாக நடித்த டி.கே. சண்முகத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ஆணாக இருந்து ஔவைப் பாட்டியாக மேடையேறி, அந்த வேடமே பெயரில் ஒட்டிக்கொண்டு ஔவை சண்முகம் ஆனவர். சென்னையில் ஒரு சாலைக்கே அந்தப் பெயர்தான். கணேசனும் அப்படித்தான். அண்ணா எழுதிய நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததைப் பார்த்துப் பெரியார் சிவாஜி என்றார். பெற்றவர்கள் வைத்த பெயருக்கு முன்னால் வேடம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒப்பனையைக் கலைத்த பிறகும் அந்தப் பெயரோடுதான் வாழ வேண்டும், அடுத்த வேடத்தில் அந்தப் பெயரை ஜனங்கள் மறக்கும்படியும் நடிக்க வேண்டும். எல்லாருக்கும் முடிகிற காரியமா இது? 1967ல் 'திருவருட்செல்வர்' படத்தில் அப்பராக வந்தபோது கட்டபொம்மன் யாருக்காவது ஞாபகம் வந்தாரா? காஞ்சிப் பெரியவரைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்ட தோற்றம் அது என்று சொல்லியிருக்கிறார். முப்பத்தெட்டு வயது மனிதர் கிழவராகி உட்கார்ந்திருந்த விதத்தில் ஒரு முழத் துணி அளவுக்குக்கூட மிகை இல்லை.

அப்புறம், பெருமை. ஆமாம், பேசினார். பேசியதோடு நிற்கவில்லை. நாடகத்தில் வந்த பணத்தைக் கல்விக்கூடங்களுக்கும் பொதுக் காரியங்களுக்கும் கொடுத்தார். கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாறில் சொந்தப் பணத்தில் இடம் வாங்கி 1970ல் சிலை வைத்தார். வேடத்தால் தனக்குக் கிடைத்ததை வேடத்துக்கு உரியவருக்குத் திருப்பிக் கொடுத்த மனிதர் பெருமைப்பட்டுக்கொண்டால் நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

உங்கள் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். அந்த வசனத்தைத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குச் சக்தி கிருஷ்ணசாமி என்ற பெயர் தெரியாது. இது நியாயமே இல்லை. பள்ளியில் கட்டபொம்மன் வேடம் கட்டும் பிள்ளைக்கு அம்மா அப்பாதான் வசனம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கூடவே எழுதியவர் பெயரையும் சொல்லிக் கொடுங்கள், மேடையில் அறிவிக்கும் ஆசிரியர் அதையும் சேர்த்து அறிவிக்கட்டும்.