தோன் கிஹோத்தே மூலத்தில் ஓடவில்லை, பாடத்தை விடலாமா?

செர்வாந்தெஸின் ‘தோன் கிஹோத்தே’ நாவலுக்கு வரிக்கு வரி அகராதி புரட்ட வேண்டியிருக்கிறது, ஸ்பானிஷ் இலக்கியப் படிப்பையே விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். முதல் பாகம் 1605இல் வந்தது. ஸ்பானியர்களே அதில் திணறுவதால்தான் எழுத்தாளர் ஆந்திரெஸ் திராபியெல்லோ அதை இன்றைய ஸ்பானிஷில் எழுதி 2015இல் வெளியிட்டார். ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதலில் அதில் படியுங்கள், அப்புறம் மூலத்துக்குப் போங்கள். ஸ்பானிஷ் இலக்கிய அறிஞர் பிரான்சிஸ்கோ ரிக்கோவின் மூலப் பதிப்பு விரிவான குறிப்புகளோடு செர்வாந்தெஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பழைய சொற்களுக்கு இன்றைய அகராதி எப்போதும் கைகொடுக்காது. ஸ்பானிஷ் அகாதெமி 1726 முதல் 1739 வரை வெளியிட்ட முதல் அகராதியில் தேடிப் பாருங்கள்.

விடுமுறை இருந்தால் இதற்கு முன்பே ‘லாசரியோ தெ தோர்மெஸ்’ படித்துவிடுங்கள். 1554இல் அச்சான சின்னப் புத்தகம், பசியும் சிரிப்புமாக ஓடும். அந்தக் காலத்து வாக்கிய நடை தானாகப் பழகிவிடும்.