சோமசூத்திர வலம், இரண்டு ஏகாதசி, கறுத்துப்போன விபூதி: வாசகர் கேள்வி – பதில்

எல்லாம் வினைப்படிதான் நடக்கும் என்கிறோம். அப்படியானால் கோயிலும் பூசையும் எதற்கு?
– வாசகர், ஈரோடு

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இதே கேள்வி எழுந்திருக்கிறது. திருச்செங்கோட்டில் (தேவாரப் பெயர் கொடிமாடச்செங்குன்றூர்) அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியது. ‘இந்த வினைக்கு இந்தப் பயன்’ என்று அறிந்தவர்கள் உய்யும் வழியைத் தேடாமல் இருப்பது குறையல்லவா என்று கேட்டு, திருஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார். பதிகத்தில் அவர் சொல்லும் வழி, ‘கைவினை செய்து’ (கையால் தொண்டு செய்து) இறைவன் கழலைப் போற்றுவது.

சைவ சித்தாந்தம் இதைக் கணக்காகவே பிரிக்கிறது. பல பிறவிகளில் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம். அதில் இந்த உடம்போடு அனுபவிக்க வந்தது பிராரத்தம். அனுபவிக்கும்போதே புதிதாகச் சேர்த்துக்கொள்வது ஆகாமியம். வினை அறிவில்லாத சடப்பொருள். செய்தவனைத் தேடிப்பிடித்துத் தானாக வந்து ஒட்டாது, அதைக் கூட்டுவிக்க ஒருவன் வேண்டும். அவனே பதி. உயிர் பசு. ஆணவம், கன்மம், மாயை ஆகிய கட்டுகள் பாசம். பதி, பசு, பாசம் மூன்றும் என்றும் உள்ளவை. 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் இந்த வாதத்தைப் 12 சூத்திரங்களில் அடக்கிவிடுகிறது.

வழிபாட்டின் வேலை முக்கியமாக ஆகாமியத்தில். ‘நான் செய்தேன், எனக்கு வேண்டும்’ என்ற முனைப்பு குறைந்தால் புதுக்கணக்கு ஏறாது. அதற்கான முதல் படி சரியை: கோயிலைப் பெருக்குதல், மெழுகுதல், பூத்தொடுத்தல், விளக்கிடுதல். அப்பர் உழவாரத்தோடு நின்றது இந்தப் படியில். அடுத்தவை கிரியை, யோகம், ஞானம். அர்ச்சனைச் சீட்டு வாங்கியதோடு கடமை முடிந்தது என்று நினைப்பவர்கள் முதல் படியிலேயே கால் வைக்கவில்லை என்பேன்.

வைணவத்தில் இதே இடத்தில் சரணாகதி நிற்கும். அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

வேலை முடிந்து பிரதோஷத்துக்குப் போகும்போது மணி ஏழாகிவிடுகிறது. அதற்குப் பலன் உண்டா? அன்று சிலர் சுற்றி வராமல் பாதியில் திரும்பித் திரும்பி நடக்கிறார்களே, அது என்ன முறை?
– வாசகி, கும்பகோணம்

உண்டு. பிரதோஷ காலம் என்பது சூரியன் மறைவதற்கு முன் 3¾ நாழிகையும் பின் 3¾ நாழிகையும். ஒரு நாழிகை 24 நிமிடம், ஆகவே முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம். 6.20க்கு அஸ்தமனம் என்றால் 4.50 முதல் 7.50 வரை. நாட்காட்டியில் ‘4.30 – 6.00’ என்று அச்சிடுவது பொதுவாக அபிஷேக நேரத்தை ஒட்டியது. நீங்கள் தவறவிடுவது நந்தி அபிஷேகத்தைத்தான், காலத்தை அல்ல. அபிஷேகத்துக்குப் பால் கொடுக்க விரும்பினால் காய்ச்சாத பாலாக, நாலரை மணிக்கு முன்பே யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். நந்திக்கு அறுகம்புல் மாலையும், ஊறிய பச்சரிசியில் வெல்லம் கலந்த காப்பரிசியும் போதும்.

நீங்கள் பார்த்தது சோமசூத்திரப் பிரதட்சிணம். ஆலகால நஞ்சு துரத்தியபோது தேவர்கள் இப்படியும் அப்படியுமாக ஓடியதைக் குறிக்கிறது என்பது மரபு. சோமசூத்திரம் என்பது கருவறையிலிருந்து அபிஷேக நீர் வெளியேறும் கோமுகி. கிழக்கு நோக்கிய கோயிலில் இது வடக்குச் சுவரில் இருக்கும். அதன் அருகே, சுவரைப் பார்த்தபடி சண்டிகேசுவரர்.

நந்தியிடம் தொடங்குங்கள். வழக்கத்துக்கு மாறாக இடமாக, அதாவது வடபுறம் நேராகச் சண்டிகேசுவரர் வரை போய் வணங்கி, வந்த வழியே நந்திக்குத் திரும்புங்கள். இப்போது வலமாகத் தெற்கு, மேற்கு சுற்றி வடக்கே கோமுகி வரை. அதைத் தாண்டாமல் அதே வழியில் நந்திக்கு. மறுபடி இடமாகச் சண்டிகேசுவரர். அங்கிருந்து நந்தியிடம் நிற்காமல் வலமாகக் கோமுகி வரை. அங்கிருந்து திரும்பி, நந்தியையும் கடந்து சண்டிகேசுவரர். கடைசியாக நந்தியிடம் வந்து, இரு கொம்புகளுக்கு நடுவே லிங்கத்தைத் தரிசித்தால் ஒரு சுற்று முடிந்தது.

தவறு நடப்பது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வலமாக வருகிறவருக்குக் கோமுகியைத் தாண்டி நாலடியில் சண்டிகேசுவரர் தெரிவார். ‘இதோ இருக்கிறாரே’ என்று கால் தானாகத் தாண்டிவிடும். அப்படித் தாண்டினால் இந்த வலமே சாதாரண வலமாகிவிடும். இன்னொன்று, சனிப் பிரதோஷக் கூட்டத்தில் எதிர்த்திசையில் நடந்து பிறரை முட்டுவது. பிராகாரம் குறுகலாக இருந்தால் வழக்கம்போல் மூன்று முறை வலம் வாருங்கள், குறையில்லை.

ஒரே ஏகாதசிக்கு நாட்காட்டியில் இரண்டு தேதிகள் போடுகிறார்கள். எந்த நாளில் விரதம் இருப்பது?
– வாசகர், திருநெல்வேலி

சந்திரன் சூரியனைவிட 12 பாகை முன்னேறினால் ஒரு திதி. சந்திரனின் வேகம் சீரானதல்ல. அதனால் ஒரு திதி ஏறத்தாழ 19 மணி முதல் 26 மணி வரை நீளும், நடுராத்திரியிலும் தொடங்கும். சிக்கல் இங்கேதான்.

ஸ்மார்த்தர் (ஸ்மிருதி நூல்வழி நடப்பவர்) பொதுவாகச் சூரிய உதயத்தில் ஏகாதசி இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வைணவர் அருணோதயத்தைப் பார்ப்பார்கள். அது உதயத்துக்கு 4 நாழிகை, அதாவது 96 நிமிடம் முன்பு. உதயம் 6.00 என்றால் அருணோதயம் 4.24. ஏகாதசிக்கு முந்திய திதியான தசமி 5.00 மணிக்கு முடிகிறது என்று வையுங்கள். உதயத்தில் ஏகாதசி வந்துவிட்டது, ஸ்மார்த்தருக்கு அன்றே விரதம். வைணவருக்கு அருணோதயத்தில் தசமி கலந்துவிட்டது, ஆகவே மறுநாள். உங்கள் குடும்ப வழக்கம் எதுவோ அதையே கடைப்பிடியுங்கள். மாதத்துக்கு மாதம் வசதிப்படி மாற்றிக்கொள்வதுதான் கூடாது.

விரதத்தைவிடப் பாரணையில், அதாவது விரதம் முடித்து உண்பதில், கோட்டை விடுபவர்களே அதிகம். அடுத்த திதியான துவாதசியின் முதல் கால்பகுதி ஹரிவாசரம், அதில் சாப்பிடக்கூடாது. துவாதசி முடியும் முன் சாப்பிட்டுவிடவும் வேண்டும். அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காய் எல்லாம் சமைத்து முடிப்பதற்குள் திதி போய்விடும் போலிருந்தால், துளசித் தீர்த்தம் அருந்திப் பாரணையை முடித்துவிட்டு நிதானமாகச் சமைக்கலாம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் முழுப்பட்டினி கிடக்க வேண்டாம், பாலும் பழமும் கொள்ளலாம்.

வீட்டில் விபூதி செய்தேன், கறுப்பாக வந்தது. ஏன்? கடை விபூதி நெற்றியில் அரிக்கிறது.
– வாசகி, காரைக்குடி

கறுப்பு, முழுதாக எரியாத கரி. உருண்டை உள்ளே ஈரமாக இருந்திருக்கும், அல்லது மூட்டத்துக்குள் காற்று போயிருக்காது. பசுஞ்சாணத்தை எலுமிச்சை அளவுக்கு மேல் உருட்டாதீர்கள். உடைத்தால் நடுவிலும் காய்ந்திருக்க வேண்டும், அதுவரை வெயில். உமியைப் பரப்பி, உருண்டைகளை இடைவெளி விட்டு அடுக்கி, மேலும் உமி போட்டு மூட்டுங்கள். தானாக எரிந்து ஆறட்டும், தண்ணீர் தெளித்து அணைக்காதீர்கள். கறுத்தவற்றை மறுபடி சுடலாம். வெந்ததை மெல்லிய துணியில் சலித்தால் சற்றே சாம்பல் படிந்த வெண்மையில் வரும்.

நூல்கள் விபூதியைக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என நான்காக்குகின்றன. முதல் வகைக்குச் சாணம் தரையில் விழுமுன் ஏந்த வேண்டும். அநுகற்பத்துக்குக் காட்டில் உலர்ந்து கிடக்கும் சாணம். வீட்டில் தொழுவம் இல்லாதவர்கள் இதில் மனம் உளைய வேண்டியதில்லை. கடையில் பளீர் வெள்ளையும் தூக்கலான வாசனையும் இருந்தால் சுண்ணப்பொடியும் சென்ட்டும் கலந்தது என்று சந்தேகிக்கலாம். அரிப்பும் அதனால் இருக்கக்கூடும்.

சண்டிகேசுவரர் மீது நூல் போடலாமா? பலமாகக் கை தட்டலாமா?
– வாசகர், சிதம்பரம்

இரண்டும் வேண்டாம். அவர் சேய்ஞ்ஞலூர் விசாரசருமர், 63 நாயன்மார்களில் ஒருவர், எந்நேரமும் சிவத்தியானத்தில் இருப்பவர். சோழர் கல்வெட்டுகளில் கோயில் நிலத்தை வாங்குவதும் விற்பதும் அவர் பெயரிலேயே நடந்திருக்கிறது. கோயில் சொத்துக்குப் பொறுப்பாளர் அவர். அதனால்தான் ‘எதையும் எடுத்துப் போகவில்லை’ என்று இரு உள்ளங்கைகளையும் மெல்லத் துடைத்துக் காட்டும் வழக்கம். அதுவே நாளடைவில் தட்டலாகிவிட்டது. வேட்டி நூலைப் பிய்த்து அவர்மேல் போடுவதற்கு ஆகமத்தில் இடமில்லை.